சித்திரபுரத்துச் சேற்றுப் பந்தயம்

அந்தப் பந்தயத்தை நடத்தியதற்காக யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. நன்றாக நடந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வென்றவர்களின் பெயர்கள் கிளப்பின் நோட்டீஸ் பலகையில் மாதக்கணக்கில் ஒட்டியிருந்தன. ஆனால் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தவன் நான். நான் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் அது இன்னும் பல காலம் யாருக்கும் வேண்டாத இடமாகவே கிடந்திருக்கும். அப்படிக் கிடப்பதுதான் ஒரு மனிதருக்கு வேண்டியிருந்தது.

எழுபதுகளின் நடுவில் சித்திரபுரத்து மின்சார வாரிய ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். எங்கள் பக்கம் மண் தட்டையானது. பனைமரங்களுக்கு நடுவே சைக்கிளை மிதித்தால் பொள்ளாச்சி வரைக்கும் போய்க்கொண்டே இருக்கலாம். பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் சைக்கிளில் போய்ப் பழகியவன், ஊரிலிருந்து பஸ்ஸின் மேலே போட்டு என் சைக்கிளையும் மலைக்குக் கொண்டுவந்தேன். வந்த அன்றே ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். அங்கே ஏறும்போது சைக்கிளைத் தள்ள வேண்டும், இறங்கும்போது பிரேக் கட்டை தேய்ந்து புகையும். ஓட்டுவதற்கென்று இருந்தது கொஞ்ச தூரம்தான்.

ஆனாலும் எங்கள் ஊழியர் கிளப்பில் வருஷத்துக்கு ஒருமுறை சைக்கிள் பந்தயம் நடப்பது வழக்கம். வாரியத்து ஆட்களும், சுற்றியுள்ள தேயிலை எஸ்டேட் ஃபாக்டரி ஆட்களும் கலந்துகொள்வார்கள். சித்திரபுரத்திலிருந்து பள்ளிவாசல் என்ற ஊர் வரை இறங்கித் திரும்பி வர வேண்டும். நான் சேர்ந்ததற்கு முந்தின வருஷம் ஒரு வளைவில் ஒருவர் எதிரே வந்த ஜீப்பில் மோதித் தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். அதனால் இந்த முறை ரோட்டில் பந்தயம் நடத்த அனுமதி கிடைக்காது என்று தேவிகுளம் தாலுகா ஆபீஸிலிருந்து பதில் வந்துவிட்டது. பந்தயத்தை விட்டுவிட்டு ஓணத்துக்குக் கயிறு இழுக்கும் போட்டி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு மனது கேட்கவில்லை. ஊரை விட்டு வந்த பிறகு எனக்கு மிஞ்சியிருந்த ஒரே பழைய சந்தோஷம் சைக்கிள்தான்.

கிளப்பின் தலைவராக இருந்த அசிஸ்டென்ட் இன்ஜினியரிடம் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை இருந்தது. அதில் ஒரு படம். முழங்கால் வரை சேறு பூசிய ஆட்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு மேட்டில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ரோடே வேண்டாம், புல், சேறு, படிக்கட்டு, ஓடை எல்லாவற்றையும் தாண்டிச் சுற்றிச் சுற்றி வரும் பந்தயம் அது என்று அவர் விளக்கினார். முடியாத இடத்தில் இறங்கித் தூக்கிக்கொண்டு ஓடலாமாம். எனக்குச் சட்டென்று பிடித்துப்போனது. நம் ஊர் சைக்கிளைத் தூக்கினால் தோள் கழன்றுவிடும் என்று அவரே சிரித்தார். ஆனால் இடம் கிடைத்தால் நடத்திக்கொள் என்று பொறுப்பை என்னிடம் விட்டார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மலையெல்லாம் அலைந்தேன். மலையில் சமமான இடம் இருந்தால் அதில் தேயிலை இருக்கும், இல்லையென்றால் வீடு இருக்கும். இரண்டாவது ஞாயிறு, எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி, ஒரு எஸ்டேட்டின் ஓரத்தில் அந்த இடத்தைப் பார்த்தேன். மலைச்சரிவு அங்கே வந்து ஒரு தட்டு மாதிரி விரிந்திருந்தது. இடுப்பளவு புல். ஒரு பக்கம் ஓடை, மேல்பக்கம் பாதி மூடிப்போன கல் படிகள். அங்கங்கே புல்லுக்குள் வரிசையாகக் கருங்கல். ஒரு கொய்யா மரத்தின் மேல் சௌசௌ கொடி ஏறிக் காய்த்துத் தொங்கியது. புல்லுக்கு நடுவே செவ்வந்தி பூத்திருந்தது. வீடில்லாத இடத்தில் செவ்வந்தி எப்படி வரும் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம், இங்கே ஒரு சுற்றுக்கு அரை மைல் வரும், ஐந்து சுற்று வைக்கலாம் என்பதுதான். படிகளில் சைக்கிளைத் தூக்க வைக்கலாம், ஓடையில் சேறு தானாகவே இருக்கும்.

கமிட்டிக் கூட்டத்தில் நான் அந்த இடத்தைச் சொன்னதும் யாரும் பேசவில்லை. புதிதாக வந்தவனுக்கு இவ்வளவு வேகமா என்று நினைக்கிறார்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன். அப்போது சுவரோரம் உட்கார்ந்திருந்த லைன்மேன் ஒருவர், "நல்ல எடம்தான் சார். நானும் கூட வாரேன், பாதை போட," என்றார். அதன் பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். அவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியது எனக்கு நினைவிருக்கிறது. அன்று அதன் அர்த்தம் புரியவில்லை.

அவருக்கு அப்போது நாற்பதுக்குள் இருக்கும். குட்டையான, இறுகிய உடம்பு. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலை வேலைக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம். குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். குடும்பம் ஊரில் இருக்கும் போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அவரும் தேவைக்கு மேல் பேசுகிற ஆளில்லை. மழையில் எந்தக் கம்பத்தில் கோளாறு என்றாலும் முதலில் ஏறுபவர் அவர்தான் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன்.

அதன்பின் மூன்று வாரம், சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் இருவரும் அங்கே போனோம். சனி, ஞாயிறுகளில் கிளப்பு ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொள்வார்கள். அந்த நாட்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. சொல்லப்போனால், மலைக்கு வந்த பிறகு நான் தனியாக இல்லை என்று உணர்ந்தது அப்போதுதான். அவர் புல் வெட்டுவார், நான் கயிறு பிடிப்பேன். படியில் பாசி வழுக்கும் இடங்களை எல்லாம் சுரண்டினார். ஓடையில் எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று கால் வைக்கும் முன்பே சொன்னார். ஒரு இடத்தில் புல்லை விலக்கி, "இங்கன தண்ணிக் கொழாய் இருந்துச்சு, இரும்பு நீட்டிக்கிட்டிருக்கும், டயரைக் கிழிச்சிரும்," என்று சொல்லித் தோண்டி எடுத்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். முன்னே இங்கே லயம் இருந்தது, எஸ்டேட் ஆட்கள் குடியிருந்தார்கள் என்று பதில் வந்தது. பிறகு ஏன் காலி செய்தார்கள் என்றேன். மண் சரியில்லை என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

எங்களுக்குள் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போகவில்லை. படிகளில் இறங்கி ஓடைக்குப் போகும் நடுப்பகுதி முழுவதும் சமதரை. அங்கே நேராக ஒரு நூறு கஜம் விட்டால் ஓட்டுபவர்கள் முழு வேகத்தில் மிதிக்கலாம், ஒருவரை ஒருவர் முந்தலாம். பந்தயத்துக்கு உயிரே அங்கேதான் என்று நினைத்தேன். கயிறு கட்டி, முளை அடித்து, நேராகக் கோடு போட்டுவிட்டுப் போவேன். மறுநாள் வந்து பார்த்தால் நடுவில் இருந்த முளைகள் இடம் மாறியிருக்கும். பாதை ஒரு வீட்டைச் சுற்றிப் போவது போல ஒதுங்கி, மறுபடி நேர்கோட்டுக்கு வரும். மாடு பிடுங்கிவிட்டது போலும் என்று முதல் தடவை நானே சரிசெய்தேன். இரண்டாம் தடவை அவரிடம் கேட்டேன். அங்கே பள்ளம் இருக்கிறது சார், சுற்றிப் போவது நல்லது என்றார். நான் நடந்து பார்த்தேன். பள்ளமே இல்லை. மறுபடி நேராக்கினேன்.

பந்தயத்துக்கு எட்டு நாள் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை, சுண்ணாம்புப் பொடியோடு போனேன். கிளப்பு ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். அவரும் இருந்தார். பாதை மூன்றாம் தடவையாக ஒதுங்கியிருந்தது. எனக்கு அன்று காலையிலிருந்தே எரிச்சல். ஓட்டுபவர்களின் பட்டியல் வந்து சேரவில்லை, பரிசுக் கோப்பைகளும் வரவில்லை. எல்லோர் முன்னாலும் அவரிடம் சொன்னேன்: "ஏனுங்க, ஒரு நேர்கோடு போடறதுக்கு இத்தனை நாளாங்க? மூணு தடவை சொல்லியாச்சு. கண்ணு தெரியலீன்னா சொல்லீருங்க, நான் வேற ஆளை வெச்சுக்கறேன்."

எங்கள் பக்கத்து 'ங்க' போட்டுத் திட்டினால் திட்டு இன்னும் ஆழமாக இறங்கும். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன். நானே குனிந்து ஒரு முளையைப் பிடுங்கி, கல்லை எடுத்து, நேர்கோட்டில் வைத்து அடிக்கப்போனேன்.

"அங்க அடிக்காதீங்க சார்," என்றார்.

நான் அடித்தேன். மண் இளகியிருந்தது. மூன்றே அடியில் முளை உள்ளே போய்விட்டது.

நிமிர்ந்தபோது அவர் படிகளில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். மற்ற நாலு பேரும் என்னைப் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓடைப் பக்கத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு எஸ்டேட் பெண், நாங்கள் வேலை செய்த நாட்களிலெல்லாம் அங்கே வருபவள், புல்கட்டைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. தெரியாத பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"அந்த அண்ணன் வீடு அங்கனதான் சார் இருந்துச்சு. கடைசியிலேருந்து மூணாவது வீடு. மலை எறங்கினப்ப அவுக டூட்டியில இருந்தாக. அந்த அக்காவ எடுத்தாக, அக்காவோட அம்மாவ எடுத்தாக. பிள்ளை அம்புடவே இல்ல. நாலு வயசுப் பொம்பளப் பிள்ளை."

எங்கே என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் கையை நீட்டினாள். நான் நின்றுகொண்டிருந்த இடத்தைத்தான் காட்டினாள்.

மிச்சத்தை அவளும், அதுவரை வாய் திறக்காமல் இருந்த நாலு பேரும் சொன்னார்கள். ஆறு வருஷத்துக்கு முன், ஆடி மாதத்து மழையில், விடியும் நேரத்தில் அது நடந்தது. அவர் மனைவி அந்த எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள். அவள் பேரில் கிடைத்த லயத்தில்தான் குடும்பம் இருந்தது. அன்று பள்ளிவாசல் பக்கம் மரம் விழுந்து கம்பி அறுந்ததால் அவர் முன்தினம் மாலையே போயிருந்தார். செய்தி தெரிந்து ஓடி வந்தபோது லயம் இருந்த இடத்தில் சேறு ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து நாள் தோண்டினார்கள். மழை விடவில்லை. மேலே இன்னும் இறங்கும் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். பாதிரியார் வந்து அந்த மண்ணின் மேலேயே ஜெபம் பண்ணினாராம். மனைவிக்கும் மாமியாருக்கும் சர்ச் தோட்டத்தில் கல்லறை உண்டு. பிள்ளைக்கு அந்த மேடுதான். கூட்டத்தில் ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவரே சரி என்று முதலில் சொன்ன பிறகு நாங்கள் என்ன சொல்ல முடியும் என்றார்கள்.

முளையைப் பிடுங்கினேன். பிறகு அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். போகும் வழியில் என்னென்னவோ சொல்ல நினைத்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து, வெட்டுக்கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். யாரோ சொல்லிவிட்டார்கள் என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"பந்தயத்தை நிறுத்தீரலாமுங்க," என்றேன்.

"வேண்டாம் சார். நடக்கட்டும்."

"நீங்க ஏனுங்க அன்னைக்கே சொல்லல?"

கத்தியின் முனையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆறு வருசமா அங்கன போறதுக்கு எனக்கு ஒரு சாக்கு கெடைக்கல சார். சும்மா போய் நின்னா, பாக்குறவுக பாவம்னு ஒரு பார்வை பாப்பாக. அதுக்குப் பயந்தே போகல. நீங்க அந்த எடத்தைச் சொன்னதும், சரி, வேலைன்னு போயிரலாம்னு தோணுச்சு. மூணு வாரம் போயிட்டேன். உங்களுக்குத் தெரியாததுனால நீங்க என்னை அப்படிப் பாக்கவும் இல்ல. அது எனக்கு நல்லா இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்டேன். தெரியாமல் செய்ததற்கு என்ன மன்னிப்பு என்றார். தெரியாமல் செய்தது முளையை அடித்ததுதான். திட்டியது தெரிந்தே செய்தது. அதை நான் பிரித்துச் சொல்லவில்லை. பாதை மட்டும் தான் போட்டபடி இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து நான் அவரை அவருக்குப் பிடிக்காத அந்தப் பார்வையோடுதான் பார்த்தேன். எவ்வளவு முயன்றும் மாற்றிக்கொள்ள முடியவில்லை. மறுநாளிலிருந்து வேலை செய்யும்போது அவர் இன்னும் குறைவாகப் பேசினார்.

பந்தயம் புரட்டாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. முந்தின நாள் பெய்த மழையில் ஓடைக்கரை களிமண்ணாகக் குழைந்திருந்தது. பதினேழு பேர் ஓட்டினார்கள். பாதிப்பேர் மட்கார்டைக் கழற்றிவிட்டு வந்தார்கள். கேரியரைக் கழற்றாமல் வந்த ஒருவர் படியில் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். சேறு அடைத்துச் சக்கரம் சுற்றாமல் போனவர்கள் குச்சியால் குத்திக் குத்தி எடுத்தார்கள். சனங்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். அசிஸ்டென்ட் இன்ஜினியர் என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவ்வளவு கூட்டம் வரும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. சுற்றியிருந்த லயங்கள் எல்லாம் காலியாகி அங்கே வந்துவிட்டன.

அவர் பாதை ஒதுங்கும் இடத்தில் சிவப்புத் துணியோடு நின்றார். ஓட்டுபவர்கள் குறுக்கே போய்விடாமல் பார்த்துக்கொள்ள அவரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. சக்கரம் ஒன்றுகூட அந்த வளைவுக்கு உள்ளே போகவில்லை. ஆனால் நாங்கள் சக்கரத்தைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தோம். பாதை சுற்றிப் போனதால் நடுவில் விட்ட அந்தத் துண்டு நிலம்தான் எல்லாப் பக்கமும் பார்ப்பதற்கு வசதியாக அமைந்துவிட்டது. இரண்டாவது சுற்றுக்குள் அங்கே ஐம்பது அறுபது பேர் ஏறிவிட்டார்கள். பிள்ளைகள் குதித்தார்கள். ஒருவர் கடலை விற்கக் கூடையை இறக்கினார்.

நான் எதிர்ப்பக்கம் சுற்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் அவர்களிடம் ஏதோ சொல்லப் போவதைப் பார்த்தேன். கையைத் தூக்கினார், பிறகு இறக்கினார். என்ன சொல்லி விலகச் சொல்வது? அவரைத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விலகியிருப்பார்கள். அந்த வார்த்தையைத்தான் அவரால் ஆறு வருஷமாகச் சொல்ல முடியவில்லை. சிவப்புத் துணியைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டுப் படிகளில் ஏறி மேலே போனார். தேயிலைச் செடிகளுக்குள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது அவருடைய வெள்ளைச் சட்டையிலிருந்து தெரிந்தது. நான் சுற்று எண்ணும் காகிதத்தை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. முடியவில்லை என்று அன்று நினைத்தேன். பந்தயம் நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும் என்று நான் போயிருக்கலாம்.

பரிசு கொடுக்க அந்த எஸ்டேட்டின் மானேஜரை அழைத்திருந்தோம். கொடுத்து முடித்துவிட்டு அவர் அந்த மேட்டைக் கண்ணால் அளந்தபடி, இவ்வளவு நல்ல இடம் சும்மா கிடக்கிறதே என்று அசிஸ்டென்ட் இன்ஜினியரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

தை மாதம் அங்கே கோல் நட்டு அளந்தார்கள். மாசியில் குழி வெட்ட ஆரம்பித்தார்கள். புதுத் தேயிலை நாற்று வைப்பதற்காக. புல் அறுக்கும் அந்தப் பெண்தான் ஆபீஸ் வாசலில் வந்து காத்திருந்து சொன்னாள். கங்காணியிடம் அந்த ஒரு இடத்தை விட்டுவிடச் சொல்லிப் பார்த்தாளாம். மேலே உத்தரவு வந்த பிறகு தன் கையில் என்ன இருக்கிறது என்றாராம். அன்று மத்தியானமே லீவு போட்டுவிட்டு மானேஜரைப் பார்க்கப் போனேன்.

அவர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். மண்சரிவு நடந்தபோது அவர் இந்த எஸ்டேட்டில் இல்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டார். மண் இறுகவில்லை என்ற பயத்தில்தான் அந்த மேட்டை இத்தனை வருஷம் தொடாமல் விட்டிருந்தார்களாம். "உங்கள் பந்தயத்தன்று அத்தனை பேர் அங்கே நின்றும் ஓடியும் ஒன்றும் ஆகவில்லையே. அதைப் பார்த்த பிறகுதான் கம்பெனிக்கு எழுதினேன்," என்றார். என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகச் சொல்வது போலச் சொன்னார். குழி ஒன்றரை அடிதான் ஆழம், அதில் ஒன்றும் தட்டுப்படாது, அப்படித் தட்டுப்பட்டால் மரியாதையோடு பாதிரியாரிடம் ஒப்படைக்கச் சொல்கிறேன் என்றும் சொன்னார். அதற்கு மேல் கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. டீயை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

குழிகளில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

நான் போய்ப் பேசியதை அவரிடம் சொன்னபோது, எதற்கு சார் போனீர்கள் என்று மட்டும் கேட்டார். ஒருமுறை வந்து பாருங்கள், நானும் கூட வருகிறேன் என்று கூப்பிட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். பங்குனியில் அவருடைய மாற்றல் மனு என் மேஜைக்கு வந்தது. பீர்மேட்டுக்குக் கேட்டிருந்தார். மனுக்களை டைப் அடித்து மேலே அனுப்புவது என் வேலை. காரணம் என்ற இடத்தில், குடும்பக் காரணம் என்று எழுதியிருந்தார். எல்லோரும் வழக்கமாக எழுதுவதுதான். ஒரு நாளைக்கு அப்படி இரண்டு மூன்று மனுக்கள் வரும். அன்று அந்த இரண்டு வார்த்தையை அடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. பக்கத்து மேஜைக்காரர், மெஷினில் ஏதாவது கோளாறா என்று கேட்டார்.

சித்திரை முடியும் முன் உத்தரவு வந்துவிட்டது. அவர் கிளம்பிய அன்று காலையில் நான் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கை, சாக்கில் கட்டிய பாத்திரங்கள். வேறு யாரும் வரவில்லை. கிளப்பில் முந்தின நாள் மாலை போட்டு அனுப்பிவைத்தாகிவிட்டது. பஸ் தாமதம். என்ன பேசுவது என்று தெரியாமல், பீர்மேட்டில் குளிர் இதைவிட அதிகமா என்று ஏதோ கேட்டேன். அவர் நான் கேட்காமலே, பிள்ளையின் பெயரைச் சொன்னார்.

"அவளுக்கு முட்டைன்னா உசுரு சார்," என்றார். "மஞ்சக்கருவ மட்டும் தின்னுட்டு வெள்ளைய என் தட்டுல வச்சிருவா. அவுக அம்மா திட்டுவா. நான் தின்னுருவேன்."

இன்னும் கொஞ்சம் சொன்னார். கம்பத்தில் ஏறினால் வானத்தைத் தொட முடியுமா என்று கேட்பாளாம். சர்ச்சில் பாட்டு முடிந்த பிறகும் ஒரு வரி கூடுதலாகப் பாடிவிட்டு வெட்கப்பட்டு அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாளாம். பத்து நிமிஷம் இருக்கும். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. நடுவில் ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி ஏழு வருஷம் ஆகப்போகிறது என்றார். நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதவில்லை.

பஸ் வந்தது. பெட்டியை மேலே ஏற்ற நான் கை கொடுத்தேன். ஏறியவர் படியில் நின்று, ஆபீஸுக்கு நேரமாகிறது, போங்க சார் என்றார். கண்டக்டர் மணி அடித்தார். ஜன்னலோரம் இடம் இருந்தும் அவர் உள்பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன். பஸ் போகும் ரோடு அந்த மேட்டுக்கு எதிர்ச்சரிவில்தான் வளைந்து இறங்கும். அங்கிருந்து பார்த்தால் புதுக்குழிகள் வரிசை வரிசையாகத் தெரியும்.

நான் அங்கே இன்னும் இரண்டு வருஷம் இருந்தேன். அடுத்த வருஷம் பந்தயம் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டேன், வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்கு, சுகமாக இருக்கிறேன், மழை அதிகம், வேலையும் அதிகம் என்று ஒரு தபால் அட்டை வந்தது. இரண்டாவதற்குப் பதில் வரவில்லை. பிறகு எனக்குப் பாலக்காட்டுக்கே மாற்றல் கிடைத்தது. சைக்கிளை அங்கேயே ஒருவரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.